கிரவல் வீதியை வரைபடத்தில் என்னவென்று எழுதுவது?

கேள்வி: மல்லாவிப் பக்கத்தில் எங்கள் ஊருக்குப் போகும் கிரவல் வீதியை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடம்) 'ட்ராக், கிரேட்2' என்று போட்டிருந்தேன். வீதி ஊரைத் தாண்டிக் கடைசியில் வயல்வெளிக்குள் போய் முடிகிறது. இப்போது யாரோ ஒருவர் முழுவதையும் 'அன்கிளாசிஃபைட், கிராவெல்' என்று மாற்றியிருக்கிறார். தார் போடாத வீதிகளை எப்படி வகைப்படுத்துவது? எங்கள் இருவரில் யார் சரி?

பதில்:

தம்பி, அவர் வீதியின் வகையைச் சரியாக மாற்றிவிட்டு மேற்பரப்பைப் பிழையாக எழுதியிருக்கிறார். நீங்கள் வகையைப் பிழையாக எழுதினீர்கள், ஆனால் வீதி எவ்வளவு இறுக்கமானது என்பதை ஏறத்தாழச் சரியாகக் கணித்திருந்தீர்கள். மூன்று தனிக் கேள்விகளை ஒரே கேள்வியாக எடுத்துக்கொண்டதால்தான் இருவருக்கும் இந்தக் குழப்பம். இந்த வீதி யாருக்கு, எதற்கு? அதன் மேல் என்ன பரவியிருக்கிறது? அதில் எந்த வாகனத்தின் சில்லு சிரமமில்லாமல் உருளும்? முதலாவதற்கு 'ஹைவே', இரண்டாவதற்கு 'சர்பேஸ்', மூன்றாவதற்கு 'ஸ்மூத்னெஸ்' என்று மூன்று குறிச்சொற்கள் இருக்கின்றன. ஒன்றின் விடையைப் பார்த்து மற்றதை எழுதக்கூடாது.

வன்னியில் நாங்கள் அதிகம் பிழைவிடுவது முதலாவதில்தான். செய்மதிப் படத்தில் சிவப்புக் கோடாகத் தெரிந்தால் உடனே 'ட்ராக்' என்று போட்டுவிடுகிறோம். ட்ராக் என்பது வயலுக்கோ காட்டுக்கோ போகும் பாதை. உழவு இயந்திரமும் லாண்ட்மாஸ்டரும் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) போய்வர, விறகு ஏற்ற, அறுவடை முடிந்த நெல்லை வெளியே கொண்டுவர இருப்பது. அதற்கு யாராவது கொங்கிறீட் போட்டாலும் அது ட்ராக்தான். மறுபக்கம், ஓர் ஊரை இன்னோர் ஊரோடு இணைக்கும் வீதி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகும் வீதி, விடிய ஒரு பஸ் வந்து திரும்பும் வீதி இவை முழுக்க மண்ணாகக் கிடந்தாலும் ட்ராக் ஆகாது. அது 'அன்கிளாசிஃபைட்'. பல ஊர்களுக்கு அதுதான் வழி என்றால் 'டேர்ஷியரி'. இரண்டு பக்கமும் வீடுகள் வரிசையாக இருக்கும் குடியேற்றத்திட்ட உள்வீதி 'ரெசிடென்ஷியல்'.

'அன்கிளாசிஃபைட்' என்றால் இன்னும் வகைப்படுத்தப்படாதது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004 இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அந்த நாட்டு வீதி நிர்வாகத்தில் பெரிய வகுப்புகளுக்குள் வராத சிறிய பொது வீதிக்கு இருந்த பெயரை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். எங்கள் நாட்டில் ஏ, பி வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், சி, டி வீதிகள் மாகாணத்திடமும், மிச்சம் பெரும்பாலும் பிரதேச சபையிடமும் இருக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பிரதேச சபை வீதியில் ஊரை ஊரோடு இணைப்பது எதுவோ, அதுதான் அன்கிளாசிஃபைட். உண்மையாகவே வகை தெரியாத வீதிக்கு 'ஹைவே=ரோட்' என்று தனியாக ஒன்று இருக்கிறது.

வீதியின் தகுதி அதன் தோலில் இல்லை என்பதற்கு வன்னியில் ஏ9 ஐ விடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. 2002 சமாதான காலத்தில் அது திறந்தபோது அந்த வீதியால் போனவர்களுக்கு நினைவிருக்கும். ஓமந்தைக்கு அப்பால் எத்தனையோ இடத்தில் தார் என்று சொல்ல ஒன்றுமில்லை, குன்றும் குழியும் செம்புழுதியும்தான். ஆனாலும் யாழ்ப்பாணத்துக்கும் தெற்குக்கும் இடையிலான தரைவழி அதுதான். அன்று யாராவது வரைபடம் வரைந்திருந்தால் அதை ட்ராக் என்று எழுதியிருப்பார்களா? பெருவீதி என்றே எழுதி, மேற்பரப்பை மட்டும் மோசம் என்று சொல்லியிருப்பார்கள். உங்கள் ஊர் வீதிக்கும் அதே மரியாதை வேண்டும்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினையும் இல்லை. ஓஎஸ்ஆர்எம் என்று வழி கணக்கிடும் மென்பொருள் ஒன்று இருக்கிறது, பல இடங்களில் பின்னால் நின்று வேலை செய்கிறது. அதனுடைய வழக்கமான கார் அமைப்பில் ட்ராக் வகைக்கு வேகமே கொடுக்கப்படவில்லை. அதாவது காருக்கு அந்தப் பாதை இல்லாத மாதிரி. உங்கள் ஊருக்குப் போகும் ஒரே வீதியை ட்ராக் என்று எழுதினால், அம்புலன்ஸ் ஒன்று அப்படியான மென்பொருளை நம்பி வரும்போது சந்தியிலேயே "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று சொல்லி நிறுத்திவிடக்கூடும். அதனால்தான் உங்கள் வீதியை மாற்றியவர் வகையில் செய்த மாற்றத்தை நான் ஆதரிக்கிறேன்.

சரி, இனி மேற்பரப்பு. இங்கேதான் எங்கள் சொல்லே எங்களை விழுத்துகிறது.

கிரவல் என்ற சொல் ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான். ஆனால் வன்னிக்கு வந்த பிறகு அதன் பொருள் மாறிவிட்டது. எங்களுக்குக் கிரவல் என்றால் கிடங்கில் வெட்டி டிப்பரில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டும் சிவந்த மண். செங்களியும் மணலும் இரும்புச் சத்துள்ள சிறு கற்களும் கலந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் விளக்கப் பக்கத்தில் 'சர்பேஸ்=கிராவெல்' என்பது வேறு பொருள். உடைத்த, விளிம்பு கூரான, ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கும் கல். மாங்குளம் ரயில் நிலையத்தில் நின்று தண்டவாளத்தின் கீழே பாருங்கள், அங்கே கிடக்கும் சல்லிதான் அது. அதன் மேல் சைக்கிள் ஓட முடியுமா? உங்கள் ஊர் வீதியில் ஓடுகிறதே. ஒலி ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நம்பிவிடுகிறோம். இதே காரணத்தால் உலகம் முழுக்க அந்தக் குறிச்சொல் தாறுமாறாகப் பாவிக்கப்பட்டிருக்கிறது என்பதும் உண்மை. ஆங்கிலம் பேசுகிற நாடுகளிலும் இதே குழப்பம் உண்டு.

எங்கள் கிரவலுக்குப் பொருந்துவது 'கொம்பாக்டட்', அதாவது இறுக்கிய மேற்பரப்பு. வீதி போடும்போது பார்த்திருப்பீர்கள். டிப்பர் கொட்டும், கிரேடர் இழுத்து நடு உயர்ந்து இரண்டு கரையும் தாழும்படி பரப்பும், பவுசர் தண்ணீர் தெளிக்கும், பிறகு ரோலர் ஏறும். பெரிய கற்களின் இடைவெளியைச் சிறிய கற்களும் மணலும் அடைக்க, களி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிறது. தார் இல்லாமலே அது கெட்டியாக நிற்பது இந்தக் கலவையால்தான். களி குறைந்தால் கல் பிடிப்பில்லாமல் உதிரும், களி கூடினால் மழைக்குச் சேறாகும். நல்ல கிடங்கு எது, கெட்ட கிடங்கு எது என்று டிப்பர்காரரும் வீதி வேலை செய்கிறவர்களும் கையில் எடுத்து நசித்துப் பார்த்தே சொல்லுவார்கள்.

ஆனால் கொம்பாக்டட் என்று ஒருமுறை எழுதிவிட்டு விட முடியாது, ஏனென்றால் கிரவல் வீதிக்கு வயது உண்டு. போட்ட முதல் வருடம் தார் வீதியைப் போலவே ஓடும். கோடையில் ஒவ்வொரு வாகனமும் கொஞ்சம் மெல்லிய மண்ணைப் புழுதியாக எழுப்பிக் கொண்டுபோகிறது. கரையில் நிற்கும் பாலையும் வேம்பும் சிவப்பாகிப் போவது அதனால்தான், அந்த இலைகளில் படிந்திருப்பது வீதியின் பசை. பசை போனதும் சிறு கற்கள் தனித்தனியாக உருளத் தொடங்கும், சைக்கிள் வழுக்கும். வேகமாகப் போகும் வாகனங்கள் வீதியைக் குறுக்கே அலையலையாக ஆக்கும். பிறகு மாரி வந்து கரைகளை அரிக்கும், நடுவில் குழி விழும். இரண்டு மூன்று வருடம் யாரும் திரும்பிப் பார்க்காவிட்டால் போட்ட கிரவல் முழுக்கப் போய், அடியில் இருந்த இயற்கை மண் வெளியே வந்துவிடும். அந்த நிலைக்கு வந்தது கொம்பாக்டட் அல்ல. 'டேர்ட்' அல்லது 'கிரவுண்ட்' என்று எழுதுங்கள். நான் பாவிக்கும் சோதனை ஒன்றுதான்: வீதியின் நடுவில் குதிக்காலால் அழுத்திப் பார்ப்பேன். கல்லும் மண்ணும் ஒன்றாகப் பிடித்து நின்றால் கொம்பாக்டட். சப்பாத்து வெறும் மண்ணில் பதிந்தால் டேர்ட்.

"கிரவல் என்றே ஒரு புதிய மதிப்பை எழுதினால் என்ன?" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அதற்குத் தடை இல்லை. ஆனால் வழி கணக்கிடும் மென்பொருளுக்குத் தெரியாத சொல்லை எழுதினால் அது எழுதாததற்குச் சமம். ஓஎஸ்ஆர்எம்மின் கார் அமைப்பில் கொம்பாக்டட் என்றால் மணிக்கு 80 கிலோமீற்றர் உச்ச வரம்பு, கிராவெல் 40, மணல் 20, சேறு 10. வீதியின் வகைக்கு உரிய வேகத்தையும் இந்த வரம்பையும் ஒப்பிட்டுக் குறைந்ததை அது எடுத்துக்கொள்ளும். டேர்ஷியரியை விட ஒரு படி பெரிய வகையான 'செகண்டரி' வீதிக்கு உரிய வேகம் 55. ஆக, நல்ல கிரவல் போட்ட 20 கிலோமீற்றர் செகண்டரி வீதி ஒன்றைக் கொம்பாக்டட் என்று எழுதினால் சுமார் 22 நிமிடம் என்று காட்டும். கிராவெல் என்று எழுதினால் 30 நிமிடம் ஆகிவிடும், சில வேளை சுற்றிப் போகும் வேறு வழியையே காட்டும். உங்கள் ஊரின் சிறிய வீதிக்கு வகையின் வேகமே குறைவு என்பதால் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் நாளைக்கு வேறொருவர் உங்களைப் பார்த்துப் பெரிய வீதிக்கும் அப்படியே எழுதுவார்.

வன்னி முழுக்கக் கிரவல் என்றும் நினைக்க வேண்டாம். கரையோரமாக அளம்பில், முள்ளிவாய்க்கால், மாத்தளன் பக்கம் போனால் வெறும் மணல். 'சாண்ட்' என்று தயங்காமல் எழுதலாம். மன்னார்ப் பக்கம் முருங்கனைச் சுற்றி வேறு கதை. அங்கே கறுத்த களிமண், ஒரு காலத்தில் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்கு ரயிலில் ஏற்றிப் போனது அதைத்தான். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழை விழுந்தால் ஊதிப்போய்ச் சில்லில் அப்பிச் சில்லைச் சுற்றவே விடாது. கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல்களுக்கு மாரியில் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் மட்காட்டைக் கழற்றிய கதையைச் சொல்வார்கள். அப்படியான பாதையை 'கிரவுண்ட்' என்று பொதுவாக எழுதிவிட்டு, களிமண் என்பதை விவரக் குறிப்பில் தமிழிலேயே எழுதுங்கள்.

மணலும் கிரவலும் பருவத்துக்கு எதிரெதிராக நடந்துகொள்வதையும் கவனிக்க வேண்டும். கிரவல் கோடையில் இறுகும், மாரியில் இளகும். மணல் கோடையில் சில்லை விழுங்கும், நனைந்தால் இறுகும். மணல் மணியும் மணல் மணியும் இடையிலுள்ள ஈரத்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதுதான் காரணம். அளம்பில் பக்கம் செப்டெம்பரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன பாதையில் ஜனவரியில் ஏறி ஓடலாம். அதே ஜனவரியில் நெடுங்கேணிப் பக்கத்து வீதி ஒன்றில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.

இதை நான் படித்தது எனது பிழையால். சில வருடங்களுக்கு முன் ஓர் ஓகஸ்ட் மாதம் நெடுங்கேணிப் பக்கம் குளக்கட்டுக்குப் பக்கத்தால் போகும் வீதி ஒன்றை நன்றாக இருக்கிறது என்று எழுதினேன். அன்று அது நன்றாகத்தான் இருந்தது. டிசெம்பரில் உலருணவு ஏற்றிய லொறி ஒன்று வரைபடத்தைப் பார்த்து அதால் வந்து அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. ஊர்ச்சனம் உழவு இயந்திரம் கொண்டுவந்து இழுத்து எடுக்கப் பொழுதுபட்டுவிட்டது, அது யானை இறங்கும் நேரம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சாரதி என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது: "மழைக்கு இது எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிற ஆட்களிடம் ஒருக்கால் கேட்டிருக்கலாமே?"

அன்றிலிருந்து நான் செய்வது இதுதான். 'ஸ்மூத்னெஸ்' என்பதில் வருடத்தின் பெரும்பகுதி வீதி எப்படி இருக்கிறதோ அதை எழுதுவேன். எங்கள் மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடுகிறது, ஆக எட்டு மாதத்து நிலைதான் வழக்கமான நிலை. அப்புறம் விவரக் குறிப்பில் "மாரியில் உழவு இயந்திரம் மட்டும்" என்று ஊர்ச்சனம் சொன்னதை அப்படியே சேர்ப்பேன். குளம் வான் பாயும்போது தண்ணீர் மேலால் ஓடும் தாம்போதி இருந்தால், அந்தத் துண்டுக்கு 'ஃப்ளட்_ப்ரோன்=யெஸ்' கட்டாயம். வீதி முழுக்கச் சரியாக இருந்து ஒரு தாம்போதியில் வழி அறுவதுதான் வன்னியில் வழமை.

ஸ்மூத்னெஸ் அளவுகோலைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அது வாகனத்தை வைத்துத்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. மெல்லிய சில்லுள்ள பந்தயச் சைக்கிள் ஓடினால் 'குட்', கொஞ்சம் தேய்ந்த காப்பற் (தார்) வீதிகள் அதற்குள் வரும்; புத்தம் புதியதுக்கு அதற்கும் மேலே 'எக்ஸலன்ட்' உண்டு. சக்கர நாற்காலியோ ஸ்கூட்டரோ சிரமமில்லாமல் போனால் 'இன்டர்மீடியட்', புதிதாக இறுக்கிய கிரவல் இங்கே நிற்கும். காரும் ஓட்டோவும் குழிக்கு விலகி விலகி மெதுவாகப் போக வேண்டுமென்றால் 'பேட்'. வன்னியின் பெரும்பாலான கிரவல் வீதிகள் இதுதான். வயிறு உயர்ந்த பிக்கப் மட்டும் தட்டாமல் போகும் என்றால் 'வெரி பேட்'. அதற்குக் கீழே 'ஹொரிபிள்', காட்டு ஜீப்புக்கு. உழவு இயந்திரத்தைத் தவிர ஒன்றும் போகாதென்றால் 'வெரி ஹொரிபிள்'. அந்தச் சொல்லைப் பார்த்து ஊரை அவமதிக்கிறோமோ என்று தயங்க வேண்டாம், அது சில்லுக்கான அளவு. ஆனால் மோட்டார் சைக்கிளில் இருந்தபடி தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரு சாண் அகலத்துக்கு நல்ல மண் இருந்தால் மோட்டார் சைக்கிள் அதைப் பிடித்துப் போய்விடும், நாங்களும் வீதி நல்லது என்று நினைத்துவிடுவோம். ஓட்டோ ஓட்டுபவரிடம் கேளுங்கள். மூன்று சில்லு மூன்று தடத்தில் போவதால் எந்தக் குழியும் அவருக்குத் தப்பாது.

நீங்கள் போட்ட 'கிரேட்2' பற்றி. 'ட்ராக்டைப்' ட்ராக்குகளுக்கானது, அது இறுக்கத்தை அளக்கிறது. 1 என்றால் தார், கொங்கிறீட் அல்லது அவ்வளவு கெட்டியாக இறுக்கியது. 2 பெரும்பாலும் கெட்டி. 3 இல் கெட்டியும் இளகலும் சரிபாதி. 4 பெரும்பாலும் இளகிய மண். 5 வெறும் மண்ணோ மணலோ, நடுவில் புல் வளர்ந்தது. ஊர் வீதியை அன்கிளாசிஃபைட் ஆக்கிய பிறகு இது தேவையில்லை.

இன்னொன்று, வீதியை வெட்டப் பழகுங்கள். வருடா வருடம் வந்த நிதிக்கு ஏற்ப ஒரு துண்டு கொங்கிறீட், அடுத்த துண்டு கிரவல், அதற்கப்பால் மண் என்றுதான் எங்கள் வீதிகள் இருக்கின்றன. முழு நீளத்துக்கும் ஒரே மேற்பரப்பு எழுதினால் எங்கோ பொய் வரும். மேற்பரப்பு மாறும் இடத்தில் கோட்டை வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக எழுதுங்கள். கணினி இல்லாவிட்டால் போனில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் போதும். வீதியில் நிற்கும்போதே மேற்பரப்பு என்ன என்று படங்களைக் காட்டிக் கேட்கும், வெட்டவும் விடும். பார்த்த திகதியை 'செக்_டேட்:சர்பேஸ்' என்பதில் வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதுங்கள். ஓகஸ்டில் பார்த்ததா ஜனவரியில் பார்த்ததா என்று அடுத்தவருக்கு அதிலிருந்து தெரியும். செய்மதிப் படத்தை மட்டும் பார்த்து வரைவதென்றால் 'அன்பேவ்ட்' (தார் போடாதது) என்று எழுதி நிறுத்துங்கள். அந்தப் படம் பெரும்பாலும் கோடையில், முகிலில்லாத நாளில் எடுத்தது, எத்தனை வருடம் பழையதோ.

போய்ப் பார்க்கும்போது ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் காடுகளில் மிதிவெடி அகற்றாத துண்டுகள் இன்னும் உண்டு. சனம் நடமாடும் தடத்தை விட்டுப் படமெடுக்கவோ, பழைய பாதை எங்கே போகிறதென்று பார்க்கவோ பற்றைக்குள் இறங்காதீர்கள். சிவப்புப் பலகை இல்லாதது அனுமதி ஆகாது. தெரியாத பாதை வரைபடத்தில் தெரியாததாகவே இருக்கட்டும்.

இனி உங்கள் வீதி. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், சந்தியிலிருந்து ஊர் முடியும்வரை 'அன்கிளாசிஃபைட், கொம்பாக்டட், பேட்' என்று எழுதலாம். மாற்றியவருக்கு அவருடைய மாற்றத்தின் கீழேயே எழுதுங்கள்: வகையைத் திருத்தியதற்கு நன்றி, எங்கள் ஊரில் கிரவல் என்பது இறுக்கிய செம்மண், அதனால் மேற்பரப்பை மாற்றுகிறேன் என்று. சண்டை வராது, அவர் மற்ற வீதிகளையும் திருத்தக்கூடும். ஊர் முடிந்து வயலுக்குள் போகும் கடைசித் துண்டை வெட்டி 'ட்ராக்' ஆக்குங்கள். அது கிரேட்3 ஆ, 4 ஆ என்று நான் இங்கிருந்து படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. முதல் மழைக்கு அடுத்த நாள் காலையில், லாண்ட்மாஸ்டர் போன தடம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்று போய்ப் பார்த்து எழுதுங்கள். போகும்போது அந்தப் பக்கம் ஆட்கள் இருக்கிற வீடு ஒன்றாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்த வீடு வரைக்கும் ட்ராக் என்று எழுத வேண்டாம்.